மலிவு ட்ரம்பெட்டை தூக்கிப் போடறதுக்கு முன்னாடி

ஜனவரி பிப்ரவரி வந்தா போதும், இங்க சிங்கப்பூர்ல உயர்நிலை ஒண்ணுல சேர்ந்த பிள்ளைங்களுக்கு சிசிஏ, அதான் இணைப்பாட நடவடிக்கை, முடிவாகிற நேரம், என் வாட்ஸ்அப்ல வரிசையா வந்து விழும். "அக்கா, பொண்ணு பேண்ட்ல சேர்ந்துட்டா, ஸ்கூல் ட்ரம்பெட்டை வீட்டுக்கு எடுத்துட்டு வர விடமாட்டாங்களாம், கேரோசல் ஆப்ல ஒருத்தர் எண்பது வெள்ளிக்கு போட்டிருக்கார், எடுக்கலாமா?" எடுக்கலாம்மா, தாராளமா எடுக்கலாம், ஆனா எடுத்துட்டு வந்த ரெண்டாவது வாரம் "இது ஊதவே மாட்டேங்குது, காசு போச்சு"ன்னு பெட்டியில போட்டு மூடி கட்டிலுக்கு அடியில தள்ளிடாதீங்க, அதுக்குத்தான் இந்த போஸ்ட்.

நான் ஸ்கூல் பேண்ட்ல கார்னெட்ல, அதான் ட்ரம்பெட்டுக்கு தங்கச்சி மாதிரி ஒரு கருவி, அதுல ஆரம்பிச்சு ட்ரம்பெட்டுக்கு மாறினவ, இன்னும் வாசிக்கறேன், எங்க புளோக்லயும் பக்கத்து புளோக்லயும் பேண்ட்ல இருக்கற பிள்ளைங்க ஏதாவது மாட்டிக்கிச்சுன்னா நேரா எங்க வீட்டுக்குத்தான் தூக்கிட்டு வருவாங்க. அப்படி வந்த மலிவு ட்ரம்பெட்டுங்களை பாத்து பாத்து எனக்கு ஒண்ணு நல்லா தெரிஞ்சு போச்சு. மலிவு கருவியில நிஜமாவே குறை இருக்கும், உலோகம் மெல்லிசு, பொருத்தம் அவ்வளவு சுத்தமா இருக்காது, அதெல்லாம் இல்லைன்னு சொல்லலை. ஆனா "ரிப்பேர்"னு வர்றதுல பெரும்பாலானது ரிப்பேரே கிடையாது. அழுக்கு, எண்ணெய் இல்லாமை, விரலால அமுக்கற வால்வை மாத்திப் போட்டது, காத்து கசியறது, அவ்வளவுதான். இதெல்லாம் வீட்டு சமையலறை மேசையில வச்சே சரி பண்ணலாம். வீட்ல தொடவே கூடாததும் சிலது இருக்கு, அதையும் சொல்றேன்.

முதல்ல ஒரு விஷயம் மனசுல வாங்கிக்கோங்க. பி ஃபிளாட் ட்ரம்பெட்னா சுமார் ஒன்றரை மீட்டர் நீளமுள்ள ஒரு குழாய், அதை மடிச்சு மடிச்சு வச்சிருக்காங்க. வாய் வச்சு ஊதற முனையில சொருகறது மௌத்பீஸ், சத்தம் வெளிய வர்ற விரிஞ்ச வாய் பெல். ஒவ்வொரு வால்வ் உறைக்குள்ளயும் மேலயும் கீழயும் ஓடற, ஓட்டை போட்ட உருளைதான் பிஸ்டன், உருவி எடுக்கற மாதிரி இருக்கற வளைஞ்ச குழாய்ங்கதான் ஸ்லைடு. உதடு அதிர்ற அதிர்வுல உள்ள இருக்கற காத்துத்தூண் அதிரணும், அதுதான் சத்தம். வழியில எங்கயாவது ஒரு ஊசி ஓட்டை இருந்தாலும் பிள்ளை மூச்சு முட்ட ஊதுவா, சத்தம் மட்டும் சோகமா வரும், மேல் ஸ்வரம் பிடிக்கவே முடியாது. அதனால எந்த மலிவு ட்ரம்பெட்டை கையில எடுத்தாலும் நான் பாக்கற முதல் விஷயம் பளபளப்பு இல்லை, காத்து எங்க போகுதுன்னுதான்.

ஊதினா காத்தே போகலையா, சுவத்துல ஊதற மாதிரி கப்புனு நிக்குதா? நூத்துக்கு தொண்ணூறு வால்வை கழட்டி எண்ணெய் போட்டுட்டு திருப்பி தப்பா போட்டிருப்பாங்க. மூணு பிஸ்டன்லயும் 1, 2, 3ன்னு நம்பர் குத்தியிருக்கும், நமக்கு பக்கத்துல, அதாவது மௌத்பீஸ் பக்கத்துல இருக்கறதுதான் ஒண்ணு. நம்பர் சரியா இருந்தாலும் திசை தப்பா இருந்தா போச்சு, ஏன்னா பிஸ்டன்ல இருக்கற ஓட்டையும் வெளி உறையில இருக்கற ஓட்டையும் நேருக்கு நேர் வரணும். பிஸ்டன் மேல பக்கத்துல சின்னதா ஒரு பிளாஸ்டிக்கோ உலோகமோ கொம்பு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கும், அது வால்வ் கைடு, உறைக்குள்ள ஒரு பள்ளத்துல போய் உக்காரணும். பிஸ்டனை உள்ள விட்டு மெதுவா சுத்துங்க, ஒரு இடத்துல "டிக்"னு விழும், அதுக்கப்புறம் சுத்தினா சுத்தாது. அதுக்கு பிறகுதான் மூடியை திருகணும். பெரும்பாலான கருவியில நம்பர் மௌத்பீஸ் பக்கம் பாத்து இருந்தா சரி. ஆனா பேர் தெரியாத மலிவு கருவியில கைடு ரெண்டு பக்கமும் ஒரே அளவா இருந்து, பிஸ்டன் தலைகீழ் திசையிலயும் போய் "டிக்"னு உக்காந்துக்கும், அதுதான் எல்லாரையும் ஏமாத்தறது. அப்படி சந்தேகமா இருந்தா நடு வால்வோட ஸ்லைடை, அந்த குட்டியூண்டு ஸ்லைடு இருக்கே, அதை உருவிட்டு, நடு வால்வை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு டார்ச் அடிச்சு ஓட்டை வழியா பாருங்க. ஓட்டையும் ஓட்டையும் முழு வட்டமா பொருந்தி தெரியணும். பாதி நிலா மாதிரி தெரிஞ்சா இல்ல வெறும் உலோகச் சுவர் தெரிஞ்சா, திருப்பிப் போடுங்க.

இன்னொண்ணு, வால்வை கழட்டும்போது ஒரு நேரத்துல ஒண்ணு மட்டும் கழட்டுங்க. மூணையும் கழட்டி பேப்பர் மேல வரிசையா வச்சா பாக்க அழகாத்தான் இருக்கும், ஆனா வீட்ல தம்பி தங்கச்சி இருந்தா அந்த வரிசை நிலைக்காது. மூடி மறை திருகும்போது நேரா முறுக்காம முதல்ல எதிர்பக்கம் சுத்துங்க, மறை வந்து விழற இடம் விரல்ல தெரியும், அப்புறம் முறுக்குங்க. மெல்லிசு பித்தளை மறை, கோணலா ஒரு தடவை இறுக்கிட்டா அப்புறம் ஆயுசுக்கும் கோணல்தான்.

அடுத்தது குளியல். ஆமா, நிஜமாவே குளிப்பாட்டணும், புதுசா வாங்கினதா இருந்தாலும் சரி. ஆன்லைன்ல புதுசா வாங்கற மலிவு கருவிங்க உள்ள, பாலிஷ் போட்ட பசையும் உலோகத் தூளும் அப்படியே தங்கியிருக்கும், பிஸ்டனை வெள்ளைத் துணியால துடைச்சு பாத்தா கருப்பா மை மாதிரி ஒட்டும். அந்த தூளை வச்சுக்கிட்டே மேல எண்ணெய் போட்டா அது உப்புத்தாள் போட்டு தேய்க்கற மாதிரிதான், நாளாக நாளாக வால்வ் தேஞ்சு போகும். பழைய கருவியில வேற கதை. எங்க மாடியில இருக்கற ஒரு பையன் கொண்டு வந்த ட்ரம்பெட்ல லீட்பைப்புக்குள்ள, அதான் மௌத்பீஸ் சொருகற முதல் குழாய், அதுக்குள்ள பிரஷ்ஷை விட்டு இழுத்தேன். பச்சையும் பழுப்புமா பாசி மாதிரி கொழகொழன்னு ஒரு விரல் நீளத்துக்கு வந்துச்சு, நாத்தம்னா நாத்தம், பையன் மூக்கை பொத்திக்கிட்டு பால்கனி பக்கம் போயிட்டான். என்னடா சாப்பிட்டுட்டு ஊதறேன்னு கேட்டா, "ரிசஸ்ல மைலோ பெங் ஆண்ட்டி, நேரா பேண்ட் ரூமுக்கு." அந்த சக்கரையும் பாலும் மூச்சோட உள்ள போய் ஒட்டிக்கும். பாண்டுங், தே தாரிக், ஐஸ் மைலோ எல்லாம் குடிச்சா வாயை ரெண்டு தடவை தண்ணியில கொப்பளிச்சுட்டு ஊதச் சொல்லுங்க, இந்த ஒரு பழக்கம் வந்தாலே பாதி பிரச்சனை வராது.

வீவக அடுக்குமாடி வீட்ல குளியல் தொட்டி ஏது, பாப்பாவை குளிப்பாட்டற பிளாஸ்டிக் டப் இருந்தா அது அளவா இருக்கும். அடியில ஒரு பழைய டவல் விரிச்சுக்கோங்க, இல்லைன்னா பெல் தரையில இடிச்சு நெளியும். தண்ணி வெதுவெதுப்பா போதும், கொதிக்கற தண்ணி ஊத்தினா மேல பூசியிருக்கற லாக்கர் உரிஞ்சு வந்துடும். பாத்திரம் கழுவற சோப்பு கொஞ்சம். வால்வ், ஸ்லைடு, மேல் மூடி கீழ் மூடி எல்லாம் கழட்டிட்டு உடம்பை மட்டும் முக்கால் மணி நேரம் ஊற விடுங்க. வால்வை ஊறப் போடாதீங்க, அதுல ஃபெல்ட், அதான் கம்பளி மாதிரி மெத்துன்னு ஒரு வளையம் இருக்கும், நனைஞ்சா உப்பிக்கும், அதனால பிஸ்டனோட கீழ்ப்பாகத்தை மட்டும் குழாய்த் தண்ணியில காட்டி மெல்லிசு துணியால துடைச்சா போதும். குழாய்க்குள்ள விட ஸ்நேக் பிரஷ்னு ஒண்ணு கிடைக்கும், ரெண்டு பக்கமும் பிரஷ், நடுவுல வளையற ஸ்பிரிங், பிராஸ் பசா பக்கம் மியூசிக் கடைங்கள்ல கேட்டா இருக்கும், ஆன்லைன்லயும் சில வெள்ளிதான். அதை முரட்டுத்தனமா தள்ளாதீங்க, வளைவுல மாட்டிக்கும். கழுவி முடிச்சு நல்லா வடிய விட்டு, துடைச்சு, காய வச்சு, அதுக்கப்புறம் எண்ணெய்.

எண்ணெய்னதும் நம்ம வீடுங்கள்ல கை நேரா எங்க போகும்? தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்கு, இல்லைன்னா தையல் மெஷின் எண்ணெய்க்கு. தயவு செஞ்சு வேணாம். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்கு கீழ போனா உறைய ஆரம்பிச்சுடும், பேண்ட் ரூம் ஏர்கான்ல அது சர்வ சாதாரணம், வீட்ல ஓடின வால்வ் ஸ்கூல்ல போய் நின்னுக்கும், பிள்ளைக்கு காரணமே புரியாது. மெஷின் எண்ணெய் ரொம்ப கெட்டி. பிஸ்டனுக்கும் உறைக்கும் நடுவுல இருக்கற இடைவெளி ஒரு மில்லிமீட்டரை நூறா பங்கு போட்டா அதுல சில பங்குதான், அவ்வளவு ஒடுக்கம், அதுக்குள்ள ஓடணும்னா தண்ணி மாதிரி இருக்கற வால்வ் ஆயில்தான் சரி. துருவுக்கு அடிக்கற டபிள்யூடி-40 ஸ்ப்ரேயை வால்வ்ல அடிக்கறவங்களும் இருக்காங்க, அடிச்ச நிமிஷம் சல்லுனு ஓடும், அப்புறம் பிசுபிசுன்னு ஆயிடும். ஒரு சின்ன பாட்டில் வால்வ் ஆயில் பத்து பதினஞ்சு வெள்ளிக்குள்ள, மாசக்கணக்குல வரும், இதுல போய் மிச்சம் பிடிக்காதீங்க. சிந்தெடிக் ஆயில் போட்டுக்கிட்டு இருந்தா அதையே போடுங்க, பெட்ரோலியம் ஆயிலுக்கு மாத்தணும்னா வால்வை நல்லா கழுவிட்டு மாத்துங்க, ரெண்டும் கலந்தா சிலது கோந்து மாதிரி ஆகுது.

எண்ணெயும் போட்டாச்சு, சுத்தமும் பண்ணியாச்சு, அப்பவும் வால்வ் ஒட்டுதா? அப்போ பொறுமையா கவனிக்கணும். விரலை நேரா மேல இருந்து வச்சு அமுக்கினா நல்லா ஓடுது, பிள்ளை அமுக்கும்போது மட்டும் ஒட்டுதுன்னா, அவ விரலை தட்டையா நீட்டி வச்சு பக்கவாட்டுல தள்ளறான்னு அர்த்தம், கருவியில குறை இல்லை. கீழ போறது நல்லா இருக்கு, மேல வர்றது சோம்பலா இருக்குன்னா ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், இல்லைன்னா கீழ் மூடியில ஒரு குட்டி ஓட்டை இருக்குமே, அது அழுக்கு அடைச்சிருக்கும், காத்து வெளிய போக வழி இல்லாம பிஸ்டன் திணறும். ஒரு பல்குச்சி போதும் அதுக்கு. ஸ்பிரிங் மாத்தறதா இருந்தா மூணையும் சேத்து மாத்துங்க, ஒண்ணை மட்டும் மாத்தினா ஒரு விரலுக்கு மட்டும் கனமா இருக்கும், வேகமா வாசிக்கும்போது தடுமாறும்.

நடு வால்வ் மட்டும் ஒட்டுதுன்னா எனக்கு உடனே ஒரு சந்தேகம் வரும், கீழ போட்டிருப்பாங்க, இல்லைன்னா தப்பா படுக்க வச்சிருப்பாங்க. நடு வால்வோட ஸ்லைடு பக்கவாட்டுல நீட்டிக்கிட்டு இருக்கும் பாருங்க, ட்ரம்பெட்டை அந்தப் பக்கம் கீழ இருக்கற மாதிரி மேசையில வச்சா மொத்த பாரமும் அது மேல, யாராவது மேல ஒரு ஃபைல் வச்சா கூட போதும், அந்த அழுத்தம் நேரா நடு உறைக்கு போய் வட்டம் கொஞ்சமா நசுங்கும். கண்ணுக்கு தெரியவே தெரியாது, ஆனா பிஸ்டன் கண்டுபிடிச்சுடும். இதை வீட்ல சரி பண்ண முடியாது. அதனால முன்னாடியே பிள்ளைங்களுக்கு சொல்லிக் குடுக்கணும், கீழ வைக்கும்போது எப்பவும் நடு ஸ்லைடு வானத்தைப் பாத்து இருக்கணும். அரைக்கும் பசையை பூசி வால்வை தேச்சு சரி பண்ற வீடியோவெல்லாம் யூடியூப்ல சுத்துது, வேணாம், அது உலோகத்தை தின்னு எடுக்கற வேலை, ஒரு தடவை அதிகமா தேஞ்சா காத்து கசிய ஆரம்பிச்சுடும், திரும்பி வராது.

மௌத்பீஸ் மாட்டிக்கிட்டு வரலைங்கறது, அய்யோ, இதுதான் எனக்கு வர்ற கேஸ்ல அதிகம். எப்படி மாட்டும்னா, மௌத்பீஸ் தண்டு லேசா கூம்பு வடிவம், உள்ள சொருகற இடமும் கூம்பு, சும்மா சொருகி லேசா ஒரு திருகு திருகினா போதும், நிக்கும். ஆனா பிள்ளைங்க "பொக்"னு சத்தம் வருதேன்னு உள்ளங்கையால மௌத்பீஸை தட்டி தட்டி விளையாடுவாங்க, ஒவ்வொரு தட்டுக்கும் அது ஆப்பு மாதிரி உள்ள இறங்கும். அப்புறம் அப்பா வருவார், கருவிப்பெட்டியில இருந்து பிளையரை எடுப்பார். அப்பாமாரே, உங்களுக்கு கோடி புண்ணியம், பிளையரை மட்டும் எடுக்காதீங்க. நீங்க முறுக்கற முறுக்கு மௌத்பீஸ்ல நிக்காது, அந்த லீட்பைப் மொத்தமும் திருகும், அதை உடம்போட சேத்து பிடிச்சிருக்கற பற்றவைப்பெல்லாம் பிடுங்கிக்கிட்டு வரும். பத்து வெள்ளி சமாச்சாரம் நூறு வெள்ளி ஆகறது இந்த இடத்துலதான். இதுக்குன்னே மௌத்பீஸ் புல்லர்னு ஒரு கருவி இருக்கு, ரெண்டு பக்கமும் சமமா பிடிச்சு நேரா வெளிய தள்ளும். பெரும்பாலான ஸ்கூல் பேண்ட் ரூம்ல ஒண்ணு இருக்கும், பிள்ளையை எடுத்துட்டு போய் இன்ஸ்ட்ரக்டர்கிட்ட கேக்கச் சொல்லுங்க, ஒரு நிமிஷ வேலை. அவசரம்னா மட்டும், சொருகியிருக்கற வெளிக்குழாய் மேல வெதுவெதுப்பான தண்ணி ஊத்தி, மரக்கரண்டி பிடியால சுத்தி சுத்தி லேசா தட்டி, கையால மட்டும் திருகி பாக்கலாம். அதுக்கும் வரலைன்னா விட்டுடுங்க.

ஸ்லைடு இறுகிப் போறதும் இதே சாதிதான். மலிவு கருவி வாங்கினவுடனே மூணு வால்வ் ஸ்லைடும், சுருதி சேக்கற பெரிய ட்யூனிங் ஸ்லைடும் கையால வருதான்னு பாருங்க, ஆறு மாசம் தொடாம விட்டா நம்ம ஊர் ஈரத்துக்கும் வேர்வைக்கும் பச்சை பூத்து பூட்டிக்கும். இழுக்கும்போது அந்தந்த வால்வை அமுக்கிக்கிட்டு இழுங்க, இல்லைன்னா உள்ள வெற்றிடம் ஆகி எதிர்த்து இழுக்கும். இறுகிப் போனதா இருந்தா, பூட்டு, நட்டு இளக்கறதுக்கு ஹார்ட்வேர் கடையில விக்கற பெனட்ரேட்டிங் ஆயில், ஜாலான் புசார் பக்கம் எந்த கடையில கேட்டாலும் குடுப்பாங்க, அதை இணைப்பு விளிம்புல ரெண்டு சொட்டு விட்டு ராத்திரி முழுக்க விடுங்க. காலையில ஸ்லைடு வளைவுக்குள்ள ஒரு பருத்தித் துணியை கயிறு மாதிரி விட்டு, ரெண்டு முனையையும் சேத்து பிடிச்சு, நேரா, கவனிங்க, நேரா, சட்டுனு ஒரு வெட்டு வெட்டி இழுக்கணும். கோணலா இழுத்தா குழாய் வளையும். வந்துடுச்சுன்னா அந்த எண்ணெயெல்லாம் சோப்பு போட்டு கழுவி எடுத்துட்டு ஸ்லைடு கிரீஸ் தடவுங்க. கிரீஸ் கிடைக்கலைன்னா பார்மசியில லானோலின் இருக்கும், அருமையா வேலை செய்யும். வாசிக்கும்போதே நகர்த்தற மூணாவது ஸ்லைடுக்கு மட்டும் கிரீஸ் கனமா இருக்கும், அதுல ஒரு சொட்டு வால்வ் ஆயிலை கலந்து இளக்கிக்கோங்க.

ஸ்லைடு நல்லா வர ஆரம்பிச்சதும் ஒரு சோதனை பண்ணலாம், எனக்கு ரொம்ப பிடிச்ச சோதனை இது. வால்வை அமுக்காம அதோட ஸ்லைடை ரெண்டு விரல்கடை அளவு மெதுவா வெளிய இழுத்து, மூணு நாலு விநாடி அப்படியே வச்சிருந்து, அப்புறம் வால்வை அமுக்குங்க. "பாப்"னு கேட்டா உள்ள காத்து இறுக்கமா நிக்குது, வால்வும் ஸ்லைடும் நல்லா இருக்கு. சத்தமே இல்லைன்னா கசிவு. கேரோசல்ல வாங்கப் போகும்போது எம்ஆர்டி ஸ்டேஷன்ல நின்னே இதை பண்ணிப் பாக்கலாம், விக்கறவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டு. சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலையில மூடறதுக்கு முன்னாடி அங்க தரையில பரப்பி வச்சிருக்கற பழைய கார்னெட்டை எல்லாம் நான் இப்படித்தான் குந்தி உக்காந்து பாப்பேன்.

கசிவுல அதிகம் மாட்டறது வாட்டர் கீ. தண்ணி வடிக்க ஒரு குட்டி நெம்புகோல் இருக்கே, அதுக்கு அடியில ஒரு கார்க் துண்டு. (உள்ள சேர்றது எல்லாம் எச்சில்னு நினைச்சு சிலர் அருவருப்பா பாப்பாங்க, பெரும்பகுதி மூச்சுல இருக்கற ஈரம் குளிர்ந்த உலோகத்துல பட்டு தண்ணியானதுதான், ஏர்கான் ரூம்ல இன்னும் அதிகமா சேரும்.) மலிவு கருவியில இந்த கார்க் சீக்கிரம் பொடியும், இல்லைன்னா ஆரம்பத்துலேயே கோணலா ஒட்டியிருப்பாங்க. ட்யூனிங் ஸ்லைடை உருவி, ஒரு வாயை விரலால அடைச்சு, வாட்டர் கீ இருக்கற பாகத்தை தண்ணியில முக்கி, இன்னொரு வாய்ல ஊதுங்க, சைக்கிள் டியூப் பஞ்சர் பாக்கறது மாதிரியேதான், முட்டை முட்டையா வந்தா கார்க் போச்சு. புது கார்க் சில காசு, பழசை சுரண்டி எடுத்துட்டு, ஒரு துளி பசை வச்சு ஒட்டி, காயற வரைக்கும் மூடியே வச்சிருந்தா ஓட்டையோட விளிம்பு அதுல பதிஞ்சு சரியா உக்காரும். ரப்பர், சிலிக்கான்ல செஞ்சதும் கிடைக்குது, நம்ம சீதோஷ்ணத்துக்கு அது இன்னும் நாள் தாங்கும். ஸ்பிரிங் உடைஞ்சு நாளைக்கு எஸ்ஒய்எஃப் (சிங்கப்பூர் இளையர் விழா) வாசிப்புன்னா ரப்பர் பேண்ட் போட்டு கட்டிட்டு போங்க, தப்பே இல்லை, மேடையில யாருக்கும் தெரியாது.

வால்வ் "டக் டக்"னு தட்டற சத்தம் ஃபெல்ட் தேஞ்சதால. இது சத்தத்தோட போற விஷயம் இல்லை, ஃபெல்ட் தடிமன் குறைஞ்சா பிஸ்டன் தேவைக்கு அதிகமா கீழ போகும், ஓட்டையும் ஓட்டையும் பொருந்தாது, ஸ்வரம் மூக்கடைச்ச மாதிரி வரும். செட்டா வாங்கி போடுங்க. மலிவு கருவிங்கள்ல ஆரம்பத்துலேயே இந்த தடிமன் சரியா இருக்காது, அதனால மேல சொன்ன டார்ச் சோதனையை இங்கயும் பண்ணுங்க, தேவைப்பட்டா மெல்லிசு ஃபெல்ட் துணியை வளையமா வெட்டி ஒரு அடுக்கு சேருங்க. இந்த சின்ன வேலைக்கு அப்புறம் அதே கருவி வேற கருவி மாதிரி ஊதும், எனக்கு ஒவ்வொரு தடவையும் சந்தோஷமா இருக்கும் அந்த பிள்ளைங்க முகத்தைப் பாக்க.

"ர்ர்ர்"னு ஒரு அதிர்ற சத்தம் கூடவே வருதுன்னா, பிள்ளையை ஒரே ஸ்வரத்தை நீட்டி ஊதச் சொல்லிட்டு நீங்க ஒவ்வொரு இடமா விரல் வச்சு அழுத்திக்கிட்டே போங்க. எங்க தொட்டா சத்தம் நிக்குதோ அதுதான் இடம். தளர்ந்த மூடி, விரல் மாட்டற வளையம், ஒரு குட்டி ஸ்க்ரூ, பெரும்பாலும் இதுல ஒண்ணு. பற்றவைப்பு விட்டுப் போயிருந்தா அது கடை வேலை.

சரி, எல்லாம் பண்ணியாச்சு, ஆனா கீழ் டி ஸ்வரமும் சி ஷார்ப்பும் சுருதி ஏறி ஏறி வருது, கருவி மட்டம்னு ஒரு அம்மா ரொம்ப வருத்தப்பட்டாங்க. இல்லைம்மா, இது ஆயிரக்கணக்குல விக்கற ட்ரம்பெட்லயும் இருக்கற விஷயம். நடு வால்வ் அமுக்கினா அரை ஸ்வரம் இறங்கும், அதுக்கு குழாய் நீளம் சுமார் 6 சதவீதம் கூடணும், முதல் வால்வ் ஒரு ஸ்வரம், சுமார் 12 சதவீதம், மூணாவது ஒன்றரை ஸ்வரம், சுமார் 19 சதவீதம். மூணையும் சேத்து அமுக்கினா 37 சதவீதம் கூடுது. ஆனா ஆறு அரை ஸ்வரம் இறங்கணும்னா 41 சதவீதம் கூடியிருக்கணும். அந்த பற்றாக்குறை ஒன்றரை மீட்டர் குழாய்ல ஆறு சென்டிமீட்டர் கிட்ட வருது. அதை ஈடு கட்டத்தான் மூணாவது ஸ்லைடுல விரல் வளையம் வச்சிருக்காங்க, அந்த ரெண்டு ஸ்வரத்துக்கும் அதை வெளிய தள்ளி வாசிக்கணும். அதனாலதான் அந்த ஸ்லைடு வழுக்கிக்கிட்டு ஓடணும்னு இவ்வளவு சொல்றேன். மலிவு கருவியில அது இறுகியே கிடக்கும், பிள்ளை நகர்த்த முடியாம காதுக்கு தப்பா பழகிடுவா.

காசு செலவு பண்ண ஒரு இடம் கேட்டா மௌத்பீஸ்னு சொல்வேன். கூட வர்ற மௌத்பீஸ் விளிம்பு சில சமயம் சொரசொரன்னு இருக்கும், முலாம் உரிஞ்சிருக்கும், உதட்டுல புண்ணு வரும். 7சி அளவுல நல்லதா ஒண்ணு வாங்குங்க, நாளைக்கு கருவி மாத்தினாலும் அது கூடவே வரும்.

வெளிப்பக்கம் பத்தி, நம்ம அம்மாங்களுக்கு. குத்துவிளக்கு தேய்க்கற புளி, பித்தளை பாலிஷ், எலுமிச்சை, இது எதுவும் ட்ரம்பெட்டுக்கு ஆகாது. மேல லாக்கர்னு ஒரு பூச்சு இருக்கு, பாலிஷ் போட்டு தேச்சா அது சுரண்டுப்பட்டு திட்டு திட்டா போகும், புளிப்பு அதிக நேரம் பட்டா பித்தளையில இருக்கற துத்தநாகம் கரைஞ்சு செம்பு மட்டும் நின்னு இளஞ்சிவப்பா ஆயிடும். மெல்லிசு துணியால வேர்வையை துடைச்சு வச்சாலே போதும். லாக்கர் உரியறது பாக்க அசிங்கமா இருக்கும், சத்தத்துக்கு ஒண்ணும் ஆகாது. பெல்ல இருக்கற சின்ன நெளிவும் அப்படித்தான். ஆனா லீட்பைப்ல சிவப்பு புள்ளி புள்ளியா வந்து நடுவுல கருப்பு தெரிஞ்சா கவனிக்கணும், அது உள்ளேருந்து அரிச்சுக்கிட்டு வருது, கடைசியில ஓட்டை விழும், பழசு வாங்கும்போது அதைப் பாத்தா வேணாம்னு திரும்பி வந்துடுங்க.

கடைக்கு எப்போ போகணும்னு கேட்டா, பற்றவைப்பு விட்டது, உறை நசுங்கினது, லீட்பைப்ல பள்ளம், முலாம் உரிஞ்ச பிஸ்டன், இந்த நாலுக்கும். முன்கூட்டியே ஒண்ணு சொல்லி வைக்கறேன், சில ரிப்பேர்காரங்க பேர் தெரியாத கருவியை தொடவே மாட்டாங்க. ஒரு கடையில ஒரு பிள்ளையையும் அவ தாத்தாவையும், பெட்டியைத் திறந்து கூட பாக்காம "இதெல்லாம் பண்றதில்லை"ன்னு அனுப்பிட்டாங்க, அந்த தாத்தா லிட்டில் இந்தியாவுல இருந்து பஸ் பிடிச்சு போனவர், எனக்கு அன்னைக்கு மனசு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு. திறந்து பாத்து, காரணம் சொல்லியிருக்கலாம். காரணம் நியாயமானதுதான், மெல்லிசு உலோகம், ஒரு இடத்துல நெருப்பு காட்டினா பக்கத்து இணைப்பு விட்டுக்கும், உதிரி பாகமும் கிடைக்காது, கூலி கருவி விலையைத் தாண்டிடும். அதனால போகறதுக்கு முன்னாடி நாலு போட்டோ எடுத்து மெசேஜ் அனுப்பி கேளுங்க, அலைச்சல் மிச்சம். அந்த பிள்ளையோட ட்ரம்பெட்டுக்கு வேண்டியிருந்தது ஒரு கார்க்கும் ஒரு குளியலும்தான், எங்க வீட்டு மேசையில முடிஞ்சுது.

பெட்டிக்குள்ள வச்சுக்க வேண்டியது, வால்வ் ஆயில், கிரீஸ், ரெண்டு பருத்தித் துணி, ஒரு உபரி கார்க், சிலிக்கா ஜெல் பாக்கெட் ஒண்ணு, நம்ம ஊர் ஈரத்துக்கு பெட்டிக்குள்ள பூஞ்சை பிடிக்கும். வாசிச்சு முடிச்சதும் தண்ணியை வடிச்சுட்டு, பெட்டியை பத்து நிமிஷம் திறந்து வச்சு அப்புறம் மூடச் சொல்லுங்க. எண்ணெய் வாரத்துக்கு ரெண்டு மூணு தடவை, ஸ்லைடெல்லாம் வாரம் ஒரு தடவை இழுத்துப் பாத்து விடணும், குளியல் ரெண்டு மாசத்துக்கு ஒண்ணு. நான் எழுதினது ட்ரம்பெட்டுக்கு, கார்னெட்டுக்கும் இதேதான். ட்ராம்போன் ஸ்லைடு தனி விஷயம், அதுக்கு வால்வ் ஆயில் போட்டுடாதீங்க, ட்ராம்போனுக்குன்னு தனியா கிரீமும் ஸ்ப்ரே பாட்டில் தண்ணியும் வேணும், அதை வேற ஒரு நாள் விவரமா எழுதறேன்.